44 மாச பிஎஃப்: இப்போ எடுத்தா வரி எவ்வளவு, விட்டு வச்சா என்ன ஆகும்?

செந்நிலம்:

சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் 2021 ஆகஸ்ட் 2 முதல் 2025 மார்ச் 31 வரை வேலை. மொத்தம் 44 மாதம். பேசிக் 25,000. இப்போது வேலையில் இல்லை, சொந்தமாக கன்சல்டிங் செய்கிறேன். பாஸ்புக்கில் உள்ளது:

என் பங்கு 1,51,718 (போட்டது 1,32,000, மீதி வட்டி). கம்பெனி பங்கு 88,502 (போட்டது 77,000, மீதி வட்டி). பென்ஷன் பத்தியில் 55,000. 2024-25 வட்டி வரை ஏறிவிட்டது, அதற்குப் பிறகு இன்னும் ஏறவில்லை.

என் கேள்விகள்: இந்த 2,40,220 ரூபாயை 2025-26இல் எடுத்தால் எவ்வளவு வரி? 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள் என்கிறார்கள், அதோடு முடிந்ததா? எடுக்காமல் விட்டுவிட்டு 5 வருஷம் தாண்டிய பிறகு எடுத்தால் வரியே இல்லையா?

ராயபுரம்_42:

ரொம்ப யோசிக்காதீங்க நண்பா. 15ஜி ஃபார்மை ஃபில் பண்ணி க்ளெய்மோட அப்லோட் பண்ணா ஒரு ரூபா கூட பிடிக்க மாட்டாங்க. எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க. அவசரம் இல்லேன்னா 2026 ஆகஸ்ட் வரைக்கும் பொறுங்க, அக்கவுண்ட் ஆரம்பிச்சு 5 வருஷம் ஆயிடும், ஃபுல்லா டாக்ஸ் ஃப்ரீ.

ஏட்டுக்கணக்கு:

மேலே சொன்ன இரண்டுமே தவறு. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்வோம், அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான்.

சட்டம் கேட்பது கணக்கின் வயதை அல்ல, நீங்கள் தொடர்ந்து வேலை பார்த்த காலத்தை. வருமான வரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணை, ஏ பகுதி, 8ஆம் விதி: ஐந்து வருஷத் தொடர் பணி இருந்தால் பிஎஃப் தொகைக்கு வரி கிடையாது. நீங்கள் பணியில் இருந்தது 44 மாதம். கணக்கை 2026 ஆகஸ்ட் வரை வைத்திருந்தாலும், 2036 வரை வைத்திருந்தாலும் அது 44 மாதம்தான். ஐந்து வருஷம் ஆகாமலேயே விலக்கு கிடைக்கும் வழிகளும் உண்டு: உடல்நலம் கெட்டு வேலை போனது, முதலாளி தொழிலையே மூடியது, இதுபோல ஊழியரின் கையில் இல்லாத காரணங்கள். தானாக ராஜினாமா செய்தவருக்கு இவை பொருந்தாது.

15ஜி பற்றி. அது "இந்த வருஷம் எனக்கு வரியே வராது" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் உறுதிமொழி. டிடிஎஸ்ஸைத் தவிர்க்கும் கூப்பன் இல்லை. இரண்டு நிபந்தனை: அந்த ஆண்டின் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யமாக இருக்க வேண்டும், 15ஜி கொடுக்கும் இந்த வகை வருமானங்களின் கூட்டுத்தொகை அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டக்கூடாது. 60 வயது ஆனவர்களுக்கான 15எச்-இல் இரண்டாவது நிபந்தனை இல்லை. தெரிந்தே பொய்யாகக் கொடுத்தால் 277ஆம் பிரிவு இருக்கிறது. அதைவிட முக்கியம், டிடிஎஸ் பிடிக்காததால் வரி இல்லாமல் போய்விடாது.

டிடிஎஸ் விதி 192ஏ: ஐந்து வருஷத்துக்குக் குறைந்த பணி, தொகை 50,000 அல்லது அதற்கு மேல் என்றால் 10%. யூஏஎன்னில் (உங்கள் எல்லா பிஎஃப் கணக்குக்கும் பொதுவான எண்) பான் இணைக்கவில்லை என்றால் 20%. உங்களுக்கு 2,40,220க்கு 24,022 பிடிப்பார்கள். இது முன்பணம்தான். உண்மையான வரி இதைவிடக் கூடலாம், குறையலாம்.

அந்த உண்மையான வரி எப்படி வருகிறது? பணத்தை நான்காகப் பிரித்துப் பாருங்கள்.

கம்பெனி போட்டது, அதற்கு ஏறிய வட்டி: இரண்டும் சேர்ந்து 88,502. எடுக்கும் ஆண்டில் சம்பள வருமானம்.

நீங்கள் போட்டதற்கு ஏறிய வட்டி 19,718: எடுக்கும் ஆண்டில் இதர வருமானம்.

நீங்கள் போட்ட 1,32,000: இது உங்கள் சொந்தப் பணம், வருமானம் அல்ல. ஆனால் போட்ட ஆண்டுகளில் 80சி-இல் (பிஎஃப், எல்ஐசி போன்ற சேமிப்பை வருமானத்தில் கழிக்க விடும் பிரிவு) கழிவு வாங்கியிருந்தால் அந்தச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும். எந்த ஆண்டில் கழித்தீர்களோ அந்த ஆண்டின் கணக்கை, கழிக்காதது போல மறுபடி போட்டு, கூடுதலாக வரும் வரியை இப்போது கட்ட வேண்டும். 111ஆம் பிரிவும் 9ஆம் விதியும் சொல்வது இதைத்தான். புதிய வரி முறையில் இருந்த ஆண்டுகளில் 80சி-யே கிடையாது, ஆகவே திருப்பித் தரவும் ஒன்றுமில்லை.

இதனால்தான் ஒரே தொகையை எடுக்கும் இரண்டு பேருக்கு வரி வேறு வேறாக வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் எந்த வரி முறையில் இருந்தீர்கள், மொத்தச் சம்பளம், 80சி-இல் வேறு என்னென்ன இருந்தது, இந்த ஆண்டு வருமானம் எவ்வளவு என்று எழுதுங்கள். கணக்குப் போட்டுவிடலாம்.

மல்லிகை_வி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் வேலையில்தான் இருக்கிறேன், 5 வருஷமும் தாண்டிவிட்டது. பிஎஃப், விபிஎஃப் (நானாக விரும்பிக் கூடுதலாகப் போடுவது) இரண்டும் சேர்த்து மாதம் 30,000 என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். 2.5 லட்சத்துக்கு மேல் போனால் வட்டிக்கு வரி என்கிறார்களே, அது எடுக்கும்போதா, வருஷா வருஷமா? எனக்கு 30% ஸ்லாப்.

ஏட்டுக்கணக்கு:

மல்லிகை மேடம், வருஷா வருஷம். 2021-22 நிதியாண்டு முதல் இந்த விதி. உங்கள் பங்கு மட்டும்தான் கணக்கு, கம்பெனி பங்கு இதில் சேராது. 9டி விதிப்படி பிஎஃப் அலுவலகம் உங்கள் கணக்கை உள்ளுக்குள் இரண்டாகப் பிரித்து வைக்கிறது: வரியற்ற பகுதி, வரியுள்ள பகுதி. வரியுள்ள பகுதிக்குப் போன பணம் திரும்பி வராது. அதன் வட்டியும் அதிலேயே சேர்ந்து, அந்த வட்டிக்கு ஏறும் வட்டியும் வரிக்கு உட்படும்.

முதல் வருஷம் ஒன்றும் தெரியாது, அதுதான் பலரும் அசந்துவிடும் இடம். மாதம் 30,000 என்றால் எட்டாவது மாதத்தில் 2,40,000. ஒன்பதாவது மாதத்தில் வரம்பைத் தாண்டி 20,000 வரியுள்ள பகுதிக்குப் போகும். பிறகு மூன்று மாதம் 30,000. ஆக 1,10,000. கடைசி நாலு மாதத்தில் போனதால் அந்த ஆண்டு வட்டி 8.25%க்கு சுமார் 1,031 ரூபாய்தான். அடுத்த ஆண்டு ஆரம்பத்திலேயே 1,11,031 உட்கார்ந்திருக்கும். அதற்கு 9,160, புதிதாகப் போவதற்கு 1,031, ஆக 10,191. செஸ்ஸோடு (வரியின் மேல் 4% கூடுதல்) 31.2% என்றால் வரி 3,180. ஒவ்வொரு வருஷமும் இது வளரும்.

வரியுள்ள வட்டி ஆண்டுக்கு 10,000ஐத் தாண்டினால் 194ஏ-வில் 10% டிடிஎஸ். மீதி 21.2%ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும். பணம் கைக்கு வராமலேயே வரி கட்டுவது இதில் உறுத்தும் விஷயம். வரி போக உங்களுக்கு நிற்பது 5.68% அளவு. வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் மொத்தப் பிடித்தம் மாதம் 20,833 ரூபாய். பல கம்பெனிகளில் விபிஎஃப்பை நிதியாண்டின் நடுவில் மாற்ற விட மாட்டார்கள், ஏப்ரலுக்கு முன்பே எச்ஆர்-இடம் சொல்லிவிடுங்கள்.

செந்நிலம்:

நன்றி சார். விவரங்கள்:

2021-22: பழைய முறை. ஜூலை வரை வேறு கம்பெனி. இரண்டும் சேர்த்து மொத்தச் சம்பளம் 4,90,000.
2022-23: பழைய முறை. மொத்தச் சம்பளம் 6,20,000. தொழில் வரி 2,500. 80சி-இல் பிஎஃப் 36,000, எல்ஐசி 40,000.
2023-24, 2024-25: புதிய முறை.
2025-26: கன்சல்டிங் வரவு 9 லட்சம், 44ஏடிஏ-வில் (தொழில்முறையாளர்களுக்கான உத்தேச வருமானப் பிரிவு) பாதியை வருமானமாகக் காட்டுவேன். புதிய முறை. வேறு வருமானம் இல்லை.

முன்னால் இருந்த கம்பெனியின் பிஎஃப்பும் இதே யூஏஎன்னில் கிடக்கிறது. 2019 ஜூன் முதல் 2021 ஜூலை வரை. அதில் 86,000 சொச்சம். அதைத் தொடவில்லை.

ஏட்டுக்கணக்கு:

முதலில் 2025-26. கன்சல்டிங் 4,50,000 + கம்பெனி பங்கு 88,502 + உங்கள் பங்கின் வட்டி 19,718 = 5,58,220. 2025 ஏப்ரலுக்குப் பிந்தைய வட்டி மாதம் 1,650 ரூபாய் அளவுக்கு இதோடு சேரும். எப்படிப் பார்த்தாலும் 12 லட்சத்துக்குள். புதிய முறையில் 87ஏ ரிபேட் (வரித் தள்ளுபடி) வரும், இந்த ஆண்டு வரி பூஜ்யம்.

இப்போது பழைய ஆண்டுகள். 2021-22இல் 4,90,000இல் நிலைக்கழிவு 50,000 போனால் 4,40,000. 80சி-யை முழுவதும் எடுத்துவிட்டாலும் 5 லட்சத்துக்குக் கீழேதான், ரிபேட் அப்படியே நிற்கும். கூடுதல் வரி இல்லை.

2022-23தான் கடிக்கிறது. 6,20,000இல் 50,000 நிலைக்கழிவும் 2,500 தொழில் வரியும் போக 5,67,500. 80சி 76,000 போக 4,91,500. ஐந்து லட்சத்துக்குள் வந்ததால் அப்போது நீங்கள் ஒரு பைசா வரி கட்டியிருக்க மாட்டீர்கள். இப்போது பிஎஃப் 36,000ஐ எடுத்துவிட்டால் 5,27,500. ஐந்து லட்சத்தைத் தாண்டியதும் ரிபேட் மொத்தமும் போய்விடும். 2.5 முதல் 5 லட்சம் வரை 5% = 12,500; மேலே உள்ள 27,500க்கு 20% = 5,500; ஆக 18,000; செஸ் 720. மொத்தம் 18,720. வெறும் 36,000 கழிவைத் திருப்பித் தர 18,720 ரூபாய் வரி! பழைய முறையில் ஐந்து லட்சத்தை ஒட்டி நின்றவர்கள் எல்லோருக்கும் இந்த அடி விழும்.

2023-24, 2024-25இல் திருப்பித் தர எதுவும் இல்லை.

ஆக மொத்த வரி 18,720. பிடித்திருப்பது 24,022. ரீஃபண்ட் 5,302. இந்த 18,720 இருப்பதால் 15ஜி-யில் "வரி பூஜ்யம்" என்று கையெழுத்துப் போட உங்களால் முடியாது.

ரிட்டர்ன் விஷயத்தில் ஒன்று. 44ஏடிஏ என்று ஐடிஆர்-4 போடப் போகாதீர்கள், அதில் இதற்கு இடமில்லை. ஐடிஆர்-3 தான். ஷெட்யூல் ஓஎஸ்-இல் (இதர வருமானப் பகுதி) 111ஆம் பிரிவுக்கு ஒரு கட்டம் இருக்கும், ஆண்டுவாரியாக வருமானச் சலுகை எவ்வளவு, வரிச் சலுகை எவ்வளவு என்று கேட்கும். மதிப்பீட்டு ஆண்டு 2023-24க்கு நேரே 36,000, 18,720.

விட்டு வைத்தால்? 58 வயது வரை வட்டி ஏறும். 8.25% அப்படியே நீடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 2,40,220 பத்து வருஷத்தில் சுமார் 5,30,700. ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டிக்கு வரி உண்டு. பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2017இல் ஓய்வு பெற்ற ஒருவர் வழக்கில் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. 20% ஸ்லாப்பில் செஸ்ஸோடு வருஷா வருஷம் வரி போனால் நிற்பது 6.53%, பத்து வருஷத்தில் 4,52,000 அளவு. மோசமான வட்டி என்று சொல்ல மாட்டேன். ஆனால் காத்திருப்பதால் அந்த 18,720 குறையாது, அதிகமாகவும் ஆகாது, அது 2022-23 கணக்கிலேயே உறைந்துவிட்டது. கம்பெனி பங்குக்கான வரிதான் நீங்கள் எடுக்கும் ஆண்டின் ஸ்லாப்பைப் பொறுத்தது. கன்சல்டிங் வருமானம் பெரிதாகி 30% ஸ்லாப்புக்குப் போன பிறகு எடுப்பதைவிட, ரிபேட்டுக்குள் இருக்கும் ஆண்டில் எடுப்பது லாபம்.

கொங்குச்சீமை:

கோயமுத்தூர்ல பிஎஃப், ஈஎஸ்ஐ கன்சல்டன்சி பாக்கறேனுங்க. ஏட்டுக்கணக்கு சார் போட்ட கணக்கு துல்லியமா இருக்குங்க, ஆனா செந்நிலம் கடைசியா எழுதுன ரெண்டு வரியைப் பாக்காம விட்டுட்டாரு. விஷயமே அங்கதான் இருக்குதுங்க.

2019 ஜூன்ல இருந்து 2021 ஜூலை வரைக்கும் 26 மாசம். அப்புறம் 44 மாசம். மொத்தம் 70. அஞ்சு வருஷத்துக்கு வேண்டியது 60 தானுங்க.

8ஆம் விதியோட விளக்கத்துலயே இருக்குது: பழைய முதலாளிகிட்ட இருந்த பிஎஃப் பணம் புது முதலாளியோட கணக்குக்கு மாறியிருந்தா, பழைய பணிக்காலத்தையும் சேர்த்துத்தான் எண்ணணும். கவனிங்க, பணம் மாறியிருக்கணும். ஒரே யூஏஎன்ல இருக்குதுங்கறது பத்தாது. யூஏஎன் ஒரு குடை மாதிரி, அதுக்குக் கீழ கம்பெனிக்கு ஒரு மெம்பர் ஐடி. நீங்க இப்படியே 44 மாச ஐடிக்கு ஃபார்ம் 19 (பிஎஃப் பணத்தை முழுசா எடுக்கற மனு) போட்டா, அந்த ஐடியோட 44 மாசத்தை வச்சு 10% பிடிச்சுட்டு அனுப்பிடுவாங்க. பழைய ஐடிய தனியா எடுத்தா அது வெறும் 26 மாசம், அதுக்கும் பிடிப்பாங்க. அப்புறம் வரித்துறைகிட்ட ரெண்டையும் கூட்டிக் காட்டலாம்னா, பணம் மாறவே இல்லியே!

அதனால க்ளெய்ம் எதையும் போடாதீங்க. முதல்ல பழைய ஐடில இருக்கற 86,000 சொச்சத்தைப் புது ஐடிக்கு ஃபார்ம் 13ல டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. அது முடிஞ்சு பாஸ்புக்ல வந்து உக்காந்த பொறகுதான் ஃபார்ம் 19. வரிசை மாறினா திருத்த முடியாதுங்க. செட்டில் ஆன ஐடிக்குள்ள பணத்தை மாத்தறது பெரிய தலைவலி.

செந்நிலம்:

இது எனக்குத் தோன்றவே இல்லை! மிக்க நன்றி அண்ணா. போர்ட்டலில் பார்த்தேன். பழைய கம்பெனியின் ஐடியில் வேலையை விட்ட தேதி காலியாக இருக்கிறது. புது ஐடியில் 31.03.2025 என்று சரியாக உள்ளது. பழைய கம்பெனி பிஎஃப்பை நிர்வகிக்க சொந்த டிரஸ்ட் வைத்திருக்கவில்லை, பிஎஃப் அலுவலகத்தில்தான் கணக்கு. என்ன செய்வது?

கொங்குச்சீமை:

டிரஸ்ட் இல்லேன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க. டிரஸ்ட்டா இருந்தா அவங்க அனெக்சர் கே (பணம், பணிக்கால விவரம் இருக்கற டிரான்ஸ்ஃபர் தாள்) அனுப்பணும், அதுல சேர்ந்த தேதி, விட்ட தேதி விட்டுப்போயிருச்சுன்னா பணம் வரும், பணிக்காலம் வராது.

விட்ட தேதி காலியா இருந்தா டிரான்ஸ்ஃபர் நகராது. மெம்பர் போர்ட்டல்ல "மேனேஜ்" மெனுவுக்குள்ள "மார்க் எக்ஸிட்" இருக்கும். கடைசிப் பங்களிப்பு வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தா நீங்களே போட்டுக்கலாம், ஆதார் ஓடிபி வரும். தேதியைப் போடறப்போ ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, கடைசிப் பங்களிப்பு எந்தச் சம்பள மாசத்துக்கு வந்துச்சோ அந்த மாசத்துக்குள்ளதான் தேதி இருக்கணும். ஜூலைச் சம்பளத்துக்குப் பணம் ஆகஸ்ட்ல கட்டியிருப்பாங்க, அதைப் பாத்துட்டு ஆகஸ்ட் தேதி போட்டுடாதீங்க. ரெண்டு, அது புதுக் கம்பெனில சேர்ந்த 02.08.2021க்கு முன்னாடி இருக்கணும். ஒரு நாள் மேல ஏறினாலும் ஒரே சமயத்துல ரெண்டு இடத்துல வேலை பாத்ததா காட்டும், அங்கயே நின்னுடும். ஒருதடவை போட்ட தேதிய நீங்களா மாத்த முடியாது, ஜாயின்ட் டிக்ளரேஷன் (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து குடுக்கற திருத்த மனு), பழைய கம்பெனி ஒப்புதல்னு இழுக்கும். ரிலீவிங் லெட்டரைப் பக்கத்துல வச்சுட்டுப் போடுங்க.

அப்புறம் "வியூ" மெனுவுல சர்வீஸ் ஹிஸ்டரி. ரெண்டு ஐடிலயும் பேரு, பொறந்த தேதி, அப்பா பேரு ஒண்ணா இருக்குதான்னு பாருங்க. நம்ம ஊர்ல இனிஷியல்தான் எமன். ஒரு கம்பெனி இனிஷியலை முன்னாடி போட்டிருக்கும், இன்னொண்ணு அப்பா பேரை விரிச்சு பின்னாடி போட்டிருக்கும், ஆதார்ல வேற மாதிரி இருக்கும். ஆதார்ல இருக்கறபடிக்கு ரெண்டையும் கொண்டாந்துட்டு மேல போங்க.

டிரான்ஸ்ஃபர் "ஆன்லைன் சர்வீசஸ்"ல "ஒன் மெம்பர் ஒன் ஈபிஎஃப் அக்கவுண்ட்". பழைய ஐடிய எடுத்துப் போட்டு ஓடிபி குடுத்தா முடிஞ்சுதுங்க. நீங்க இப்ப வேலைல இல்லாததால போர்ட்டல் ஏத்துக்கலேன்னா மல்லுக்கட்ட வேண்டாம். ஃபார்ம் 13ஐப் பேப்பர்ல எழுதி, புது ஐடி எந்த பிஎஃப் அலுவலகத்துல இருக்குதோ அங்க குடுங்க, கூடவே குறைதீர் தளத்துலயும் ஒரு மனு பதிஞ்சு வச்சுக்குங்க. மனு நம்பர் இருந்தா பேச்சு வேற மாதிரி இருக்கும்.

மாறி முடிஞ்ச பொறகு பாஸ்புக்ல பணம் வந்துதான்னு மட்டும் பாத்துட்டு இருந்துடாதீங்க. பென்ஷன் சர்வீஸும் வந்துதான்னு பாருங்க. பணம் வந்து சர்வீஸ் வராம நிக்கறது அடிக்கடி நடக்கும். அப்படி நின்னா டிடிஎஸ் பிடிக்கறவங்க கண்ணுக்கு நீங்க இன்னும் 44 மாசத்து ஆளுதான்.

பென்ஷன் பத்தியில இருக்கற 55,000ஐ வட்டி ஏறுற பணம்னு நினைக்காதீங்க, அதுக்கு வட்டியே கிடையாது. ஃபார்ம் 10சி போட்டு வாங்கினா பணிக்காலம், கடைசிச் சம்பளத்தை வச்சு ஒரு பட்டியல்படி குடுப்பாங்க. பத்து வருஷம் ஆனாத்தான் மாசப் பென்ஷன் தகுதி. திரும்ப வேலைக்குப் போற எண்ணம் இருந்தா அதே 10சி-ல ஸ்கீம் சர்டிஃபிகேட் (பென்ஷன் பணிக்காலத்தைக் காப்பாத்தி வைக்கற சான்று) கேட்டு வாங்கி வச்சுக்குங்க, 70 மாசம் வீணாகாது.

எப்ப எடுக்கறதுன்னா, வேலைய விட்டு ரெண்டு மாசம்ங்கறதுதான் இத்தனை வருஷமா இருந்த விதி. அதைப் பன்னெண்டு மாசமாக்கவும், பென்ஷன் தொகைக்கு 36 மாசம் வைக்கவும் 2025 அக்டோபர் 13ல பிஎஃப் அமைப்போட மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்திருக்கு. நீங்க விட்டது மார்ச் 31. எந்தக் கணக்குப்படி பாத்தாலும் 2026 ஏப்ரல்ல பிஎஃப் பணத்துக்குத் தடை இருக்காதுங்க. டிரான்ஸ்ஃபர் முடியவும் அவ்வளவு நாள் ஆகும்.

ராயபுரம்_42:

ஓகே, நான் சொன்னது தப்புதான். ஆனா ஒரு டவுட். டிரான்ஸ்ஃபர் பண்ணி 70 மாசம் ஆச்சுன்னா ரிட்டர்ன்ல காட்டவே வேணாமா?

ஏட்டுக்கணக்கு:

காட்ட வேண்டும். அதற்கு முன், கொங்குச்சீமை சொன்னது சரி, அந்த இரண்டு வரியை நான் தாண்டிப் போய்விட்டேன். பணம் மாறி, பணிக்காலமும் சேர்ந்துவிட்டால் நான் போட்ட 18,720 கணக்கையே மறந்துவிடலாம். 111ஆம் பிரிவு வராது.

10(12) பிரிவில் விலக்குப் பெற்ற தொகை ஷெட்யூல் ஈஐ-இல் (வரி விலக்குள்ள வருமானப் பகுதி) போகும். வரி இல்லை, ஆனால் வங்கிக் கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் வந்து விழுந்தது எங்கிருந்து என்பதற்கு ரிட்டர்னிலேயே பதில் இருக்கும்.

வரி இல்லாதது 2025 மார்ச் 31 வரை சேர்ந்ததற்கு. அதற்குப் பிறகு ஏறிய வட்டி, நான் முன்பே சொன்னபடி, இதர வருமானம். டிடிஎஸ் பிடிக்கவில்லை, மொத்தமும் டாக்ஸ் ஃப்ரீ என்று எல்லோரும் விட்டுவிடும் தொகை இதுதான். 2,40,220க்கு மாதம் 1,650, பழைய 86,000க்கு மாதம் 590 அளவு. 2025-26 வட்டியை அந்த ஆண்டின் ரிட்டர்னிலேயே காட்டிவிடுங்கள், அதற்குப் பிந்தைய மாதங்களின் வட்டியை அடுத்த ரிட்டர்னில். எடுக்கும் ஆண்டில் மொத்தமாகக் குவித்துக் காட்டுவதைவிட இது சுத்தம். பாஸ்புக்கில் மார்ச் 2025 இருப்பு உள்ள பக்கத்தை இப்போதே பிடிஎஃப் ஆக இறக்கி வையுங்கள். செட்டில் ஆன பிறகு அந்தப் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிறகு எடுத்தால் நான் மேலே எழுதிய பிரிவு எண்கள் எல்லாம் மாறும், ஐந்து வருஷ விதி அதிலும் இருக்கிறது. ஃபார்மில் 192ஏ, 10(12) என்று பழைய எண்களைத் தேடிக் காணோமே என்று திகைக்க வேண்டாம்.

மல்லிகை_வி:

நானும் சர்வீஸ் ஹிஸ்டரி பார்த்தேன். மூன்று மெம்பர் ஐடி இருக்கிறது, இரண்டுதான் மாறியிருக்கிறது. எனக்கு அஞ்சு வருஷம் தாண்டிவிட்டதே, இருந்தாலும் மூன்றாவதை மாற்ற வேண்டுமா?

கொங்குச்சீமை:

மாத்திடுங்க மேடம். மாறுன ஐடிகள் மட்டுமே 60 மாசம் தாண்டியிருந்தா அந்தப் பணத்துக்கு வரிப் பிரச்சினை இல்ல. ஆனா மாறாம நிக்கற மூணாவது ஐடிய என்னிக்காவது தனியா எடுத்தீங்கன்னா, அது எத்தனை மாசமோ அத்தனை மாசத்துக் கணக்குதான். நீங்க வேலைல இருக்கறப்பவே போட்டா ஆன்லைன்லயே முடிஞ்சுரும்.